உள்ளூர்க் கையுறையும் ஒரு பிடி சோறும்

கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறேன். இரண்டு கைகளுக்கும் இடையே பந்து. பாடாங் மைதானத்தைச் சுற்றி நிற்கிற கூட்டம் கைதட்டுகிறது, விசிலடிக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அணியின் மானத்தை, அதைவிட முக்கியமாக ஒரு மூட்டை அரிசியை, இப்போதுதான் காப்பாற்றியிருக்கிறேன்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். பந்து என் கையை விட்டு வரமாட்டேன் என்கிறது.

தூரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் என் மனைவி கமலம். வயிற்றில் ஐந்து மாதம். கக்கத்தில் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். ஜெயித்தால் பரிசு அரிசியில் எங்கள் பங்கை அதில்தான் கொட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு ஓட்டையைத் தைத்துக்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

நான் பந்தை உதறுகிறேன். அது வரவில்லை.

இந்த இடத்தில் என்னை இப்படியே நிற்கவைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். பந்து எங்கும் போகாது. அதுதானே பிரச்சினையே.

காஜாங்கிலிருந்து ஒரு கடிதம்

மரவள்ளிக்கிழங்கு மாவில் நான் இட்லி அவித்து, அதை உடைக்கச் சுத்தியல் தேடிய கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் படித்த காஜாங் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இட்லியைப் பற்றி அனுதாபமாக ஒரு வரி. பிறகு நேராக விஷயத்துக்கு வருகிறார்.

“நமது தேசிய அணி வெளிநாட்டுப் பூட்ஸ், வெளிநாட்டுப் பந்து, வெளிநாட்டுச் சட்டையோடு விளையாடுவது வெட்கக்கேடு. உள்ளூரில் செய்த பொருளை மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தால் என்ன? அனுபவசாலியான தங்கள் கருத்து யாது?”

என்னை அனுபவசாலி என்று எந்தத் தைரியத்தில் எழுதினாரோ தெரியவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். தலை முதல் கால் வரை உள்ளூர்ச் சரக்கை மாட்டிக்கொண்டு ஆடி, அதனாலேயே தோற்ற கோல்கீப்பர் இந்த நாட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

செமுவா புவாத்தான் சினி

ஜப்பான்காரன் காலம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். எங்கள் தட்டிலிருந்து அரிசி காணாமல்போய், ஊபி வந்து உட்கார்ந்து வெகுநாளாகியிருந்தது. ஊபி என்றால் மரவள்ளி. காலையில் அவித்த ஊபி, மத்தியானம் வதக்கிய ஊபி, மாலையில் காலையில் மிஞ்சிய ஊபி.

நான் ரயில்வே ஷெட்டில் பிட்டர். எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு காற்பந்து அணி வைத்திருந்தோம். நான் கோல்கீப்பர் ஆனது திறமையால் அல்ல. ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். ஓடவேண்டாத இடம் அது ஒன்றுதான் காலியாக இருந்தது.

கேப்டன் துரைராசா, யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டேஷனில் கிராணி, அதாவது குமாஸ்தா. பதினொரு பேரில் அவரிடம் மட்டும்தான் பூட்ஸ் உண்டு. இங்கிலாந்தில் செய்தது. அதற்கு அவர் எண்ணெய் போடுகிற பக்தியைப் பார்த்தால், எதிரே விளக்கேற்றி வைக்கலாம் போலத் தோன்றும். இங்கிலாந்துப் பந்து ஒன்றையும் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் எங்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். உள்ளூர்ப் பொருள்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறாராம். அதில் பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் காற்பந்து ஆட வேண்டும். ஜெயிக்கிற அணிக்கு ஒரு மூட்டை அரிசி. அவருக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம்தான். அதில் ஒரு விரலை உயர்த்திச் சொன்னார்.

“செமுவா புவாத்தான் சினி!”

எல்லாம் இங்கேயே செய்ததாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். சட்டை, பந்து, பூட்ஸ், விசில், எல்லாம். எதிரி நாட்டுப் பொருள் ஒன்று மைதானத்தில் தெரிந்தாலும் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எங்கள் கன்னங்களுக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் துரைராசா பொங்கினார்.

“விசர்க் கதை! பந்து எண்டால் இங்கிலாந்துக்காரன் செய்யிற பந்து. உள்ளூரிலை ஆர் காணும் பந்து செய்யிறான்? தேங்காயை உருட்டி விளையாடுறதே?”

“அண்ணே, உலகத்துக்கே ரப்பர் குடுக்கிறது நாம,” என்றேன். “நம்ம பாலை கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயி, அங்க பந்தாக்கி, நமக்கே விக்கிறான். நாமளே செஞ்சா என்னா கொறஞ்சு போச்சு?”

“சரி, நீர் செய்யும் பாப்பம். கையிலை ஒட்டாமல் செய்யும்.”

அவர் ஏதோ கோபத்தில் சொன்னார். ஆனாலும் அந்த மனிதரின் நாக்கைக் கழுவி வைத்துப் பூஜை செய்ய வேண்டும்.

ஒரு பிடி சுடுசோறு

வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன். அரிசி என்ற வார்த்தையைக் கேட்டதும் ஊபி உரித்துக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது.

கமலம் எதுவும் கேட்கிற ஆளில்லை. சேலை கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை. வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து ஒன்றே ஒன்றுதான்.

“ஏங்க, ஒரு பிடி சுடுசோறு. மேல ஒரு துண்டு கருவாடு. அவ்ளோதான். அப்புறம் பத்து மாசத்துக்கும் ஊபியே திங்கிறேன், வாயத் தொறக்க மாட்டேன்.”

அந்த ஒரு பிடியை என்னால் கொடுக்க முடியவில்லை. பாசாரில் அரிசி கண்ணில் படவே இல்லை. பட்ட இடத்திலும் என்னைப்போன்றவன் கிட்டப் போக முடியாது.

“இந்தத் தடவை நிச்சயம்,” என்றேன்.

“யாரு, நீங்க புடிச்சா?”

“நான்தான் கோல்கீப்பர்.”

“அதான் கேட்டேன்.”

போன ஆட்டத்தில் நான் நான்கு கோல் விட்டிருந்தேன். ஈரமான பந்து கையில் நிற்காமல் வழுக்கிப் போனது. அதைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும் என்று அன்றைக்கே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. எப்போதெல்லாம் அது வேலை செய்ததோ அப்போதெல்லாம் குடும்பத்துக்கு ஏதாவது நஷ்டம் வந்திருக்கிறது.

என் கண்டுபிடிப்பு

காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் என் மச்சான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். ரப்பரை வாங்கிப் போகிற கப்பல் எதுவும் இல்லாத காலம். ஒரு டின் பால் கேட்டால் இரண்டு டின் கொடுத்தான்.

ஷெட்டில் பழைய துணிக் கையுறை ஒரு ஜோடி இருந்தது. அதைப் பாலில் முக்கினேன். காடி தெளித்து உறையவைத்தேன். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டேன். மறுபடி முக்கினேன், மறுபடி புகை. மூன்று நாள் எங்கள் குவாட்டர்ஸ் வரிசை முழுக்க நாறியது. பக்கத்து வீட்டு சீனக் கிழவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, யாராவது செத்துப்போய் நாங்கள் மறைக்கிறோமா என்று மரியாதையாக விசாரித்தார்.

“கையுறைக்குப் புகை போடுறீங்க சரி,” என்றாள் கமலம். “உள்ள இருக்கிற புள்ளைக்கும் சேத்துப் போடுறீங்களே.”

மச்சான் ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தான். “மச்சான், இது கம்பெனி ரப்பர் மாதிரி இல்ல. கந்தகம் போட்டு வேகவச்சாத்தான் ரப்பர் ரப்பரா இருக்கும். இது பச்சை. நெழல்லயே வச்சுக்க, வெயில்ல காட்டாத லா.”

வேலை முடிந்து வெயில் தாழ்ந்த பிறகுதான் நாங்கள் பயிற்சி எடுப்போம். கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அற்புதம்! எந்தப் பந்து வந்தாலும் கையில் ‘சப்’ என்று நின்றது. துரைராசாவே கிட்ட வந்து கையுறையைத் தொட்டுப் பார்த்தார். மச்சானின் எச்சரிக்கையை நான் அன்றோடு மறந்தேன்.

ஆட்டம் மூன்று மணிக்கு என்று அறிவித்தார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் வந்ததும் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னே. சூரியனுக்கு மட்டும் யாரும் உத்தரவு அனுப்பவில்லை. ஆகவே மூன்று மணி என்பது அசலில் ஒன்றரை மணி. மண்டை பிளக்கிற வெயில்.

கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக்கு வந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. மூன்று மணிதானே, வெயில் சாய்ந்துவிடும் என்று பழைய கணக்கிலேயே இருந்தேன்.

மோப்பம்

ஆட்டத்துக்கு முன் சோதனை. அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் உடுப்பு மாவு மூட்டையைக் கிழித்துத் தைத்தது. சாயம் போட்டும் பழைய எழுத்து போகவில்லை. புல்பேக் ஆடுகிறவரின் பிருஷ்டத்தில் ‘ஆஸ்திரேலியா’ என்று இங்கிலீஷில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. எதிரி நாடு! அந்த மனிதர் சோதனை முடியும்வரை அதிகாரிக்கு முகத்தை மட்டுமே காட்டி, சூரியகாந்திப் பூ மாதிரி திரும்பிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மரத்தின் பின்னால் போய்க் கால்சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்.

துரைராசாவின் பூட்ஸை அதிகாரி குச்சியால் காட்டினார். கழற்றச் சொன்னார். உள்ளே இருந்து வெளிவந்த பாதங்கள் வெயிலையே பார்த்திராதவை. புல் குத்துகிறது என்று ஆட்டம் முழுவதும் கொதிக்கிற மணலில் நடப்பதுபோல் நடந்தார்.

அடுத்தது பந்து. துரைராசா அந்த இங்கிலாந்துப் பந்தின் முத்திரையைச் சுரண்டி, கரியும் பனையெண்ணெயும் பூசிக் கொண்டுவந்திருந்தார்.

“இது காஜாங் ஆட்டுத்தோல், மாஸ்டர்,” என்று பணிவாகச் சொன்னார்.

அதிகாரி அதை முகர்ந்து பார்த்தார். பிறகு கிள்ளான் கேப்டன் நீட்டிய பந்தை முகர்ந்தார்.

கிள்ளான் கேப்டன் காதர் பாய். கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பார், பந்தை மட்டும் பீரங்கி மாதிரி அடிப்பார். ரப்பர் பாலை நூலாக இழுத்து, உருண்டையாகச் சுற்றிச் சுற்றிச் செய்த பந்து அவருடையது. முகர்ந்த அதிகாரி தலையைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் முகம் மலர்ந்தது.

“பாகுஸ்! இதுதான் சினி!” பிரமாதம் என்று அர்த்தம்.

அந்த நாற்றமே அத்தாட்சி. காதர் பாயின் பந்து தேர்வானது. துரைராசாவின் பந்து யாருடைய கன்னத்துக்கும் சேதமில்லாமல் ஓரமாகப் போனது.

“எந்தத் தோட்டத்துப் பால் பாய்?” என்று விசாரித்தேன்.

“காப்பார் பக்கம், தம்பி. ஏன்?”

என் மச்சான் வேலை செய்கிற அதே தோட்டம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி.

ஒட்டும் உறவும்

நடுவரின் விசிலும் உள்ளூர்தான். மூங்கில். அவர் ஊதினால் ஒரு குருவி கத்துவது போலிருக்கும். மரத்திலிருந்த குருவிகளுக்கு அது பிடித்துப்போய்ப் பதிலுக்குக் கத்தத் தொடங்கின. நாங்கள் நடுவருக்கு நின்றதைவிடக் குருவிகளுக்கு நின்றதே அதிகம்.

அந்தப் பந்தோ தரையில் பட்டால் தென்னை உயரத்துக்கு எழும்பியது. இருபது பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடி ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். எப்படியோ அணிக்கொரு கோல் விழுந்தது. எங்களுடையதைத் துரைராசா முழங்காலால் போட்டார். பாதத்தால் தொட மனமில்லை.

கடைசி நிமிடம். காதர் பாயிடம் பந்து வந்தது. மொத்த உடம்பையும் சேர்த்து ஓர் உதை. நான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

‘சப்.’

கண்ணைத் திறந்தால் பந்து என் கையில். இப்போது, வாசகரே, நாம் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

உச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்ற என் கையுறை இளகி அல்வாவாகியிருந்தது. காதர் பாயின் பந்தும் அதே பதம். ஒரே தோட்டத்துப் பால். வேறுவேறு திசையில் பிரிந்துபோன உறவு மைதானத்தில் சந்தித்தால் சும்மா விடுமா? கட்டிப்பிடித்துக்கொண்டன.

“பந்தை எறியும் காணும்! என்ன தாலாட்டிறீர்?” துரைராசா கத்தினார்.

“வரல அண்ணே!”

“என்ன வரேல்லை?”

“பந்து!”

கோல்கீப்பர் பந்தோடு நான்கு அடிக்குமேல் நடக்கக்கூடாது. நான் தடுமாறி வைத்த ஒவ்வொரு அடியையும் நடுவர் விரல் விட்டு எண்ணினார். இடது கையை எப்படியோ பிய்த்தெடுத்துவிட்டேன். வலது கை? இழுத்தால் மாவு மாதிரி நீள்கிறது, விட்டால் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. நடுவர் மூன்றாவது விரலை மடக்கினார். கூட்டம் சிரித்துப் புரள்கிறது. தூங்குமூஞ்சி மரத்தடியில் கமலம் மட்டும் சிரிக்கவில்லை. தலையணை உறையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

என் மூளை மறுபடியும் வேலை செய்தது. கையை ராட்டினம் மாதிரி வேகமாகச் சுற்றி வீசினால் பந்து பிய்த்துக்கொண்டு முன்னால் பறக்கும்!

சுற்றினேன். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவதில், கை எனக்குப் பின்பக்கம் இருந்தபோது, கையுறை கழன்றது.

பந்தும் கையுறையும் தம்பதியாகப் பின்னால் பறந்து கோலுக்குள் விழுந்தன. கையுறையின் ஐந்து விரல்களும் விரிந்து, எனக்குப் போய்வருகிறேன் சொல்வதுபோல ஆடின.

குருவி கத்தியது. இந்த முறை அது நடுவர்தான்.

அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். “பாகுஸ்! செமுவா புவாத்தான் சினி!”

துரைராசா என்னைத் திட்டவில்லை. கிட்ட வந்து என் வெறுங்கையைப் பார்த்தார். “கோலும் உள்ளூரிலை செய்ததுதான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூட்ஸைத் தேடிப் போனார்.

மூட்டைக்குள்

கமலம் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை. ஆனால் பரிசளிப்பு முடியும்வரை யாரும் போகக்கூடாது. காதர் பாய் மூட்டையை வாங்கி, அங்கேயே அவிழ்த்தார். உள்ளே கையை விட்டார். முகம் மாறியது. கையை எடுத்தார்.

காய்ந்த ஊபித் துண்டுகள்.

அதிகாரி சந்தோஷமாக விளக்கினார். அரிசி சியாமிலிருந்து ரயிலில் வருகிறதாம். இன்றைய விழாவில் எல்லாமே உள்ளூர். பரிசு மட்டும் வெளியூராக இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. கமலம். மரத்தில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். முதலில் சிரிப்பு என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனதும் அது முழுக்கச் சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்,” என்றாள். “நீங்க ஜெயிச்சிருந்தா நாம அதச் சொமந்துக்கிட்டுல்ல போயிருக்கணும்.”

தலையணை உறை காலியாகவே வீடு திரும்பியது.

பாய் வந்தார்

இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானம், வாசலில் காதர் பாய். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது.

“இந்தா தம்பி, உன் கை. பந்துலேருந்து பிக்கிறதுக்குள்ள எங்க ஆளுங்க ரெண்டு பேரு நகம் போச்சு.”

என் வலது கையுறை. மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தது. ஐந்து விரலும் உப்பிப்போய், ஒரு பருமனான மனிதனின் வெட்டிய கை மாதிரி இருந்தது. வாங்கினேன். கனத்தது.

“என்னா பாய் இது?”

“சத்தம் போடாத. அரிசி. சியாம் அரிசி, எப்படி வந்துச்சுன்னு கேக்காத. ஸ்டேஷன்ல ஜப்பான்காரன் ஒவ்வொருத்தன் பையா தொறந்து பாக்கிறான். இதையும் எடுத்தான். ஒரு மோந்து பாத்தான். போ போன்னு என்னைய தள்ளியே விட்டான்.”

“நீங்கதானே பாய் ஜெயிச்சீங்க...”

“அந்த கோல நானா போட்டேன்? என் பந்து உன் கைய புடிச்சுக்கிச்சு. புள்ளத்தாச்சிப் பொண்ணு தலகாணி உறையோட நின்னத பாத்தேன். சோத்துக்கடைக்காரன் நான். அத பாத்துட்டு எனக்குச் சாப்பாடு எறங்கல. சாப்பாடுன்னா ஊபிதான், வேற என்னா.” உள்ளே எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, நல்லா நாலு தண்ணி களஞ்சு போடும்மா.”

கமலம் ஆறு தண்ணீர் களைந்தாள். கையுறையின் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டிருந்த நாலு மணியைக்கூட ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தாள். கருவாடு ஒரு துண்டு இருந்தது. சோறு பொங்கியபோது வீடு முழுக்கப் புகைபோட்ட ரப்பர் வாசனை.

எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். என்னால் அவ்வளவு பெரிய பொய்யைச் சுலபமாகச் சொல்ல முடிந்தது அதுதான் முதல் தடவை.

“ரொம்ப நாறுதா?” என்று கேட்டேன்.

வாயில் சோற்றோடு தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு, விரல் நக்கிவிட்டுத்தான் பேசினாள்.

“அடுத்த தடவ காலுக்கும் ஒண்ணு செஞ்சுக்குங்க. கால்னா இன்னும் நெறைய அரிசி புடிக்கும்.”

காஜாங் வாசகருக்கு

ஆகவே, அன்பரே, நம் அணி உள்ளூர்ப் பொருளைத்தான் போட வேண்டும் என்கிறீர்கள். தாராளமாகப் போடட்டும். நானும் கைதட்டுவேன். ஆனால் முதலில் அதை நன்றாக வேகவையுங்கள். உச்சி வெயிலில் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். அவசரத்துக்கு ஒரு சட்டம் போட்டால் பொருள் வெந்துவிடாது. அதற்கு என் கை சாட்சி.

மற்றபடி, உள்ளூர் எது, வெளியூர் எது என்று என்னைக் கேட்காதீர்கள். காப்பார் கையுறைக்குள் சியாம் அரிசியைப் போட்டுக் கட்டிக்கொண்டு, கிள்ளானிலிருந்து ஒருவர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கணக்குக் குழம்பிப்போய்விட்டது.

அன்றைக்கு வயிற்றுக்குள் இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டவள் என் மூத்த மகள். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். கிள்ளானுக்குக் காரில் போகும்போது ஒரு டயர் கடை வரும். அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியை இறக்கச் சொல்வாள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்.

“பசிக்குதுப்பா.”